நெவிலை அனுப்பினேன்

அன்புள்ள மூர்த்தி,

நீ அனுப்பிய தேங்காய் மூட்டை வந்து நாலு மாதம் ஆகிறது. ‘வந்தது’ என்று ஒரு வரி எழுதத் துப்பில்லையா என்று சாந்தி தினமும் இடித்துக்கொண்டிருக்கிறாள். வந்தது. இரண்டு அழுகல், மற்றதெல்லாம் முதல் தரம். அந்தப் பாக்கி தீர்ந்தது.

வீட்டில் எல்லாரும் சுகம், என் வலது முழங்காலைத் தவிர. ஒரு மழை நாளில் கோர்ட்டிலிருந்து திரும்பும்போது ஸ்கூட்டர் சறுக்கி, சவ்வு கிழிந்து, ஆறு வாரம் கட்டிலோடு கிடந்தேன். உன்னிடம் சொன்னால் பொள்ளாச்சியிலிருந்து ஏதாவது எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாய் என்ற பயத்தில்தான் சொல்லவில்லை. முன்பு ஒருமுறை நீ தடவிய எண்ணெயின் வாடை எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆனால் அதை நேரே கேட்க வாய் வரவில்லை. முதலில் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன். சிரிக்காமல் படி.

கட்டிலில் கிடந்த இரண்டாவது வாரம், என் புலம்பல் தாங்காமல் நிலா தன் டேப்லெட்டில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். “சீட்டாட்டம் மாதிரிதான்ப்பா, உங்களுக்குப் பிடிக்கும்” என்றாள். ரம்மி என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். ‘கல்டிஸ்ட் சிமுலேட்டர்’ என்று பெயர். லண்டனில் வெதர் ஃபேக்டரி என்று ஒரு சின்ன நிறுவனம், அலெக்சிஸ் கென்னடி, லாட்டி பெவன் என்று இரண்டு பேர் தொடங்கியது. 2018 மே கடைசியில் வெளியிட்டிருக்கிறார்கள். நான்தான் லேட்.

1920களின் இங்கிலாந்து போன்ற ஒரு ஊர். ஒரு மேஜை, மேஜை மேல் சீட்டுகள். உடம்பு ஒரு சீட்டு, அறிவு ஒரு சீட்டு, கையிருப்புக் காசு ஒரு சீட்டு. வேலை, படிப்பு, பேச்சு, கனவு என்று கட்டங்கள். சீட்டை எடுத்துக் கட்டத்தில் போட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கும். காலம் என்ற கட்டம் மட்டும் யாரையும் கேட்காது. நிமிஷத்துக்கு ஒரு காசுச் சீட்டை விழுங்கிக்கொண்டே இருக்கும், நம் ஹாஸ்டல் மெஸ் மேனேஜர் மாதிரி. ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலையில் தொடங்குகிறோம். அதுவும் போய்விடும். யாரோ விட்டுப்போன ஒரு சொத்து வந்து சேரும், கூடவே விபரீதமான சில குறிப்புகள். அங்கே பிடித்தால் பழைய புத்தகம், கெட்ட கனவு, நள்ளிரவு நடை என்று போய், கடைசியில் நாமே ஒரு ரகசிய வழிபாட்டுக் கூட்டத்துக்குத் தலைவர்.

அதாவது, டேய், நான் சாமியார் ஆகிவிட்டேன். உன் அப்பா என் கல்லூரிக் காலத்து ஜாதகத்தைப் பார்த்துச் சொன்னது பலித்துவிட்டது என்று அவர் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிடு.

திருச்சி கோர்ட்டில் இருபத்தெட்டு வருஷமாகக் கிரிமினல் கேஸ் நடத்துகிறேன். எத்தனை பேரை வெளியே கொண்டுவந்திருப்பேன்! இந்த ஆட்டத்தில் என்னையே என்னால் காப்பாற்ற முடியவில்லை. வரிசையாக மூன்று முறை தண்டனை. மூன்றாவது முறை உள்ளே போனபோது நிலா டீ கொண்டுவந்தாள். “என்னப்பா, திரும்பவுமா?” என்றாள். அவள் அம்மாவிடம் போய்ச் சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது.

எப்படி மாட்டுகிறோம் என்று கேள். நம் கூட்டத்து ஆட்களைத் திருட்டு, மிரட்டல் என்று ஏதாவது வேலைக்கு ஏவினால் மேஜையில் ஒரு சீட்டு முளைக்கும். அதன் ஆங்கிலப் பெயர் எதற்கு, நம் ஊரில் கெட்ட பேர் என்போம். அதைச் சீண்டாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக மங்கிப் போகும். ஆனால் காலம் தன் போக்கில் பருவங்களைக் கொண்டுவரும். அதில் ஒன்று சந்தேகப் பருவம். அது வரும் நேரம் மேஜையில் கெட்ட பேர் கிடந்தால், சரக்கென்று அந்தச் சீட்டை இழுத்துக்கொள்ளும். நீ கையால் பிடித்து நிறுத்த முடியாது. சப்ரெஷன் பீரோ என்று ஒரு இலாகா, அதன் துப்பறிவாளர் ஒருவர் அதை மோப்பம் பிடித்து அரைகுறைச் சான்று ஒன்றைத் தயார் செய்வார். அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் கழுத்தை இறுக்கும் சான்று. அப்புறம் வழக்கு. விடுதலையாகவும் வாய்ப்பு உண்டாம், எனக்கு வாய்க்கவில்லை.

என் ஆத்திரம் என்னவென்றால், அந்த ஊரில் வக்கீலே கிடையாது! எஃப்.ஐ.ஆர். நகல் கேட்க முடியாது. முன்ஜாமீன் கிடையாது. குறுக்கு விசாரணை கிடையாது. வாய்தா கிடையாது, மூர்த்தி. வாய்தா இல்லாத ஒரு நீதிமன்றத்தைக் கற்பனை செய்து பார். கனவு காண்பதற்கு ஒரு கட்டம் வைத்தவர்கள் வக்காலத்துக்கு ஒரு கட்டம் வைக்கக் கூடாதா?

உள்ளே போன பிறகு அடுத்த ஆட்டத்தை யாராக ஆடலாம் என்று கேட்டது. துப்பறிவாளனாக ஆடலாமாம், முன்பு நான் நடத்திய கூட்டத்தின் கேஸையே கையில் எடுத்துக்கொண்டு. எடுத்தேன். பத்து நிமிஷத்தில் அந்தத் துப்பறிவாளனும் அந்தப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டான். அது எனக்குப் பிடித்திருந்தது. பார் ரூமில் நாம் பார்க்காததா?

அடுத்த ஆட்டத்தில்தான் புத்தி வந்தது. குற்றம் செய்ததற்காக அங்கே யாரும் மாட்டுவதில்லை. தவறான நேரத்தில் மேஜை மேல் கிடந்ததற்காகத்தான் மாட்டுகிறார்கள். அதனால் கெட்ட பேரை அழிக்க மெனக்கெடாதே, ஒளித்து வை. ஒளித்து வைக்கச் சரியான இடம் ஓவியம்! படம் வரையும் வேலையில் கெட்ட பேர்ச் சீட்டைச் செருகலாம். கெட்ட பேர் எடுத்த ஓவியனின் படத்துக்குக் கிராக்கி கூடும். அது அங்கே வேலையில் இருக்கும் வரை சந்தேகப் பருவம் வந்து மேஜையைத் தடவிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகும்.

ஒரு ராத்திரி மணி ஒன்றரை இருக்கும். படம் முடிய பத்து வினாடி, சந்தேகப் பருவம் போக பதினைந்து வினாடி. அந்த இடைவெளி ஐந்து வினாடியில் என் கெட்ட பேர் வெட்டவெளியில் கிடக்கப்போகிறது. ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். உள்ளங்கை வியர்க்கிறது. சாந்தி திரும்பிப் படுத்து, “வலிக்குதா?” என்றாள். “இல்லை, போலீஸ்” என்றேன். அவள் விளக்கைப் போட்டுவிட்டாள்.

இத்தனைக்கும் அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டம் நேர் எதிர், தெரியுமா? படுத்துக்கொண்டே படித்தேன். ஆட்டத்தில் மந்திரம் உண்மை, அதை அடக்கத்தான் இலாகா. நிஜ இங்கிலாந்தில் 1735ஆம் வருஷத்துச் சூனியச் சட்டம் 1951 வரை அமலில் இருந்தது. அந்தச் சட்டத்தின் அடிப்படையே சூனியம் என்று ஒன்று இல்லை என்பதுதான். அது தனக்கு வரும் என்று பாவனை செய்தால் குற்றம், ஒரு வருஷம் வரை உள்ளே. 1944இல் ஹெலன் டங்கன் என்ற அம்மாளை, ஆவிகளோடு பேசுகிறேன் என்று சொல்லிக் கூட்டம் நடத்தியவரை, போர்ட்ஸ்மவுத்தில் பிடித்து ஓல்ட் பெய்லியில் நிறுத்தி ஒன்பது மாதம் போட்டார்கள். நடுவில் உலகப் போர்! முதலில் அவர்மேல் போட்டது நாடோடிகள் சட்டம், அப்புறம்தான் இந்தப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். எந்தச் செக்ஷனில் ஆள் விழுவார் என்று தேடிப் பார்ப்பது நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. சர்ச்சில் கூட, இந்தக் காலத்தில் எதற்கு இந்தச் சட்டம், எவ்வளவு செலவு என்று உள்துறையைக் கேட்டுக் காட்டமாக ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறார்.

நம் சங்கதியைப் பார். 420 என்றால் தெருவில் போகிற குழந்தைக்கும் புரியும். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே மோசடி இப்போது 318(4). யாரையாவது ‘டேய் 318(4)’ என்று திட்ட முடியுமா? கொலைக்கு 302 போய் 103. என் குமாஸ்தா பழைய நம்பர், புது நம்பர் என்று சுவரில் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறார். நல்ல நேரத்தில் நீ தென்னை மரத்தடிக்குப் போய்விட்டாய்.

இப்போது நெவில்.

ஓவியத்தால் எப்போதும் தப்பிக்க முடியவில்லை. ஒரு நாள் சான்று வந்தே விட்டது. அதற்கும் வழி உண்டு. கூட்டத்தில் ஒருவனை அழைத்து, பேச்சுக் கட்டத்தில் அவனையும் சான்றையும் சேர்த்து வைத்தால், அவன் போய் அதை அழித்துவிட்டு வருவான். சான்றை அழிப்பது பழைய 201, புதிய 238, நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. என்னிடம் நெவில் என்று ஒருத்தன் இருந்தான். முதல் முதலில் சேர்ந்தவர்களில் ஒருவன், வாய் பேசாதவன் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அவனை அனுப்பினேன். கடிகாரம் ஓடியது, சான்று காணாமல் போனது. நான் கட்டிலில் உட்கார்ந்து கைதட்டினேன். அடுத்து ஏதோ ஒரு பாழடைந்த இடத்துக்குப் பொருள் தேட ஆள் வேண்டியிருந்தது. அதற்கும் நெவில். இந்த முறை அவன் திரும்பவில்லை. நான் அந்தக் குறிப்பை மூடிவிட்டு, மேஜையில் வேறு யார் சும்மா இருக்கிறார்கள் என்று பார்த்தேன்.

அரை நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. நான் எந்தக் குற்றத்தையும் என் கையால் செய்யவே இல்லை. என் கை சீட்டை நகர்த்தியது, அவ்வளவுதான்.

உனக்கு நினைவிருக்கிறதா, 1997 ஆகஸ்ட், புதுக்கோட்டை? ஆசிரமச் சாமியார் பிரேமானந்தா மேல் இருந்த பலாத்கார, கொலை வழக்கில் தீர்ப்பு என்று நாம் இருவரும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனோம். உள்ளே போக இடமில்லை, புளியமரத்தடியில் நின்று சர்பத் குடித்தோம். இரட்டை ஆயுள், ஒன்று முடிந்து ஒன்று. 67 லட்சத்துக்கு மேல் அபராதம். தீர்ப்பு எழுதிய ஆர். பானுமதி அம்மா பின்னாளில் உச்ச நீதிமன்றம் வரை போனார். ராம் ஜெத்மலானி வந்து வாதாடியும் நிற்கவில்லை என்று நீ சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாய். நம் வயதுக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது. ஐதராபாத் ஆய்வகத்தின் டி.என்.ஏ. அறிக்கையைப் பற்றித் திரும்புகிற வழியெல்லாம் சண்டை போட்டோம். ஆசிரமத்திலிருந்து தப்பி வந்து முதலில் வாய் திறந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரோடு சேர்ந்து கூண்டில் நின்ற மற்றவர்களைப் பற்றியும் பேசவில்லை. ஆசிரமத்து மண்ணுக்குள் ஒரு உடல் இருந்ததே, அந்தக் குழியைத் தலைவர் தன் கையாலா தோண்டியிருப்பார்? 2005இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது, 2011இல் கைதியாகவே செத்தும் போனார். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

இனி, கேட்க வந்தது.

போன மாதம், கோல் ஊன்றி ஆபீசுக்குப் போன முதல் வாரம். மூன்று பேர் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, ஆப்பிள் கூடை, ஒரு கேஸ் கட்டு. ஒரு சின்ன ஆசிரமம், பெயர் வேண்டாம். கோயிலை ஒட்டி மனை தருகிறோம் என்று பக்தர்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். மனையும் இல்லை, பணமும் இல்லை. கைதானது சாமி அல்ல, மேனேஜர். மேனேஜர் என்றால் இருபத்து நாலு வயதுப் பையன். டிரஸ்ட் ரசீதில் அவன் கையெழுத்து, வங்கிக் கணக்கு அவன் பெயரில், செல்போன் நம்பர் அவனுடையது. சாமியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவ்வளவு சுத்தமான மேஜையை நான் ஆட்டத்தில் கூட வைத்ததில்லை.

பையனுக்கு நான் ஆஜராக வேண்டுமாம். ஃபீஸ் அவர்கள் தருவார்கள். தொகையைச் சொன்னபோது குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை, சாமி பெயர் எங்கேயும் வந்துவிடக் கூடாது. நடுவில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, “பையன் ரொம்ப விசுவாசம் சார், எல்லாத்தையும் ஒத்துக்குவான்” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மறுநாள் ஜெயிலுக்குப் போய்ப் பையனைப் பார்த்தேன். ஒல்லியாக இருந்தான். என் கோலைப் பார்த்து, உட்காருங்க சார் என்று பெஞ்சைத் துடைத்தான். ரிமாண்ட் கைதி எனக்கு உபசாரம் செய்கிறான்! அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “சாமி சாப்பிடறாரா சார்?” என்பது. இரண்டாவது கேள்வியே இல்லை. எனக்கு ஒன்றும் ஆகாது என்று சாமி சொல்லியிருக்கிறார் என்றான். அவன் சட்டைக் காலரில் ஒரு பொத்தான் இல்லை, அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தான்.

அவனுக்குச் சொல்ல வேண்டியது என்ன என்று உனக்கும் தெரியும். மன்னிப்பு வாங்கி அரசுத் தரப்புச் சாட்சியாகும் பிரிவு, பழைய 306, இப்போதைய 343. உண்மையைச் சொல், அப்ரூவர் ஆகப் பார், யார் சொல்லி எந்த ரசீதில் கையெழுத்துப் போட்டாய் என்று தேதிவாரியாக எழுது. ஆனால் ஆப்பிள் கூடைக்காரர்கள் காசில் வக்காலத்துப் போட்டுக்கொண்டு நான் அதைச் சொல்ல முடியாது. வேண்டாம் என்று ஒதுங்கினால் அடுத்த நிமிஷம் வேறு ஒருவர் கையெழுத்து வாங்கிக்கொள்வார். யார் என்று கூட என்னால் சொல்ல முடியும், உனக்கும் தெரியும், நாம் பான்பராக் என்று கூப்பிடும் அந்த வக்கீல்தான்.

காசு வாங்காமல் பையனுக்கு மட்டும் நான் நின்றால்? அவன் என்னை நம்ப வேண்டுமே. அவனுக்கு நான் சாமியைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிற ஆள்.

மூர்த்தி, கரூர் கேஸ் முடிந்த மறுநாள் நீ வக்கீல் தொழிலை விட்டுக் கோட்டைக் கழற்றினாய். காசு கொடுத்தவன் ஒருத்தன், கூண்டில் நின்றவன் இன்னொருத்தன். அன்றைக்கு உன்னை முட்டாள் என்று திட்டினேன். கட்சிக்காரன் யார் என்பது வக்காலத்துத் தாளில் எழுதியிருக்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று பார் ரூம் வாசலில் நின்று கத்தினேன். நீ ஒன்றும் பேசாமல் பைக்கை உதைத்துக் கிளம்பினாய். அந்தக் கரூர்ப் பையனிடம் நீ கடைசியாக என்ன சொன்னாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். தெரிந்தே ஆகவேண்டும்.

பையனின் அம்மா வியாழக்கிழமை காலை வருகிறார். துறையூர்ப் பக்கம் பூக்கட்டுகிறவர். அவர்களுக்குத் தெரியாமல் வருகிறேன் என்று பக்கத்து வீட்டு போனிலிருந்து சொன்னார். புதன் ராத்திரி ஒன்பதுக்கு மேல் என்னைக் கூப்பிடு. நீ கூப்பிடவில்லை என்றால் நான் கூப்பிடுவேன். தோப்பில் சிக்னல் இல்லை என்ற கதை வேண்டாம், மேட்டில் ஏறி நின்று பேசு.

ஆட்டம் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது. முந்தாநாள் நிலா எடுத்துப் பார்த்துவிட்டு, “நெவில் இல்லாட்டி என்னப்பா, இன்னும் மூணு பேர் இருக்காங்களே” என்றாள். சரியாகத்தான் சொன்னாள். இன்னும் தொடவில்லை.

உன்,
கணேசன்

பி.கு.: அடுத்த முறை தேங்காயை உரித்தே அனுப்பு. முழங்காலை வைத்துக்கொண்டு என்னால் அரிவாள் பிடிக்க முடியாது, சாந்தி கையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது.